சாக்கடைக்குள் போன பாபின்

காந்தத்தை நூலில் கட்டிச் சாக்கடைக்குள் இறக்கி மீன் பிடிக்கிற மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? வீட்டின் பின்பக்கம், மூடியை நகர்த்தி வைத்துவிட்டு, ஸ்பேனர் அப்படித்தான் குந்தி உட்கார்ந்திருந்தார். காந்தத்தை இறக்குவார், ஆட்டுவார், மேலே இழுத்துப் பார்ப்பார், மறுபடி இறக்குவார். விடிந்ததிலிருந்து இதே வேலை.

இதுவரை சிக்கியவை ஒரு டப்பா மூடியில் கிடந்தன. துருப்பிடித்த ஆணிகள், ஒரு ஹேர்பின், ஒரு சோடா மூடி, யார் வீட்டிலிருந்து வந்ததென்று தெரியாத ஒரு நட்டு. நட்டைப் பார்த்ததும் அவருக்கு அதன் அளவு தெரிந்துவிட்டது. கழுவித் துடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தேட வந்த சாமான் மட்டும் கிடைக்கவில்லை.

இந்தக் குடும்பத்தோடு சில வாரங்களாகப் பழகியவர்களுக்கு ஸ்பேனரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம். பஸ் பணிமனையில் வாழ்நாள் முழுக்க எஞ்சினுக்கு அடியில் படுத்திருந்தவர். பெண் பார்க்கப் போனபோதும் சட்டைப் பையில் ஸ்பேனர் இருந்தது என்று கூட வேலை பார்த்தவர்கள் கிளப்பிவிட்ட கதையில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அப்படிப் பார்த்துக் கட்டிக்கொண்ட அந்த அம்மாள் போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு இவர் ஆள் ஒரு மாதிரியாகிவிட்டார். ஒரு நாள் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்தார். ஒரு நாள் கடைக்குப் போய்விட்டு வருகிற வழியில் பக்கத்துத் தெருவில் நின்றுகொண்டு, நம்ம வீடு எதுப்பா என்று போகிறவரிடம் கேட்டார்.

மகனுக்கு மருந்துக் கடையில் வேலை. இந்த மாதிரிப் பெரியவர்களையும் அவர்களுக்கு மருந்து வாங்க வருகிற பிள்ளைகளின் முகத்தையும் தினம் தினம் பார்க்கிறவன். அதனால் மற்றவர்களைவிடப் பத்து மடங்கு அதிகமாகப் பயந்தான்.

நடுவில் வந்து சேர்ந்ததுதான் மிஷின். துணிக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்த மருமகள், பழைய சாமான் கடையில் ஒரு கைத் தையல் மிஷினைப் பார்த்து வாங்கி வந்தாள். கருப்பாய், சின்னதாய், தங்கக் கொடி போட்டு, பெயர் மட்டும் தேய்ந்துபோன மிஷின். ஸ்பேனருக்கு அதைப் பார்த்ததும் பழைய உயிர் வந்துவிட்டது. நேற்று மதியம் முழுக்க உட்கார்ந்து மண்ணெண்ணெயில் கழுவினார். அழுக்கு மண்ணெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினார். சாயங்காலம் மருமகள் தைத்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், கீழ் நூல் சுற்றி வைக்கிற பாபினும் இல்லை, பாபினைப் போட்டு வைக்கிற கேஸும் இல்லை.

"கழுவின தண்ணியை எங்க ஊத்தினீங்க மாமா?" என்று கேட்டாள். கேட்டது அவ்வளவுதான். வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது.

"அப்பா, போதும். எழுந்திருங்க."

மகன் வேலைக்குக் கிளம்பி நின்றான். ஒரு கையில் தண்ணீர் டம்ளர், இன்னொரு கையில் ஒரு மாத்திரை.

"இன்னும் ஒரே ஒரு தடவைடா."

"நேத்து ராத்திரியும் இதான் சொன்னீங்க. முதல்ல சத்து மாத்திரையைப் போடுங்க."

ஸ்பேனர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிர்வதற்குள் டம்ளர் காலியாகியிருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டுச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நட்டு பத்திரமாக இருந்தது.

"அப்பா, நான் சொன்னதை யோசிச்சீங்களா?"

"எதை?"

"டூல்ஸ் பெட்டியை. முனையில இருக்கற ஒர்க் ஷாப் பையன் நல்லவன், நல்லா வெச்சுக்குவான். சாயங்காலம் கொண்டாந்து குடுக்கறேன்னு சொல்லியிருக்கேன். நேத்து பாபின் போச்சு, பரவாயில்லை. நாளைக்கு ஃபேனைக் கழட்டறேன்னு மேல ஏறுவீங்க. கரண்ட்ல கை வெப்பீங்க. என்னால கடையில நிம்மதியா நிக்க முடியலைப்பா."

சமையலறை வாசலில் நின்று மருமகள் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பச்சை இரும்புப் பெட்டி இல்லாமல் மாமாவை அவள் பார்த்ததே இல்லை. சத்தம் போடுவார், பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார் என்று எதிர்பார்த்தாள்.

"எடுத்துக்கோடா," என்றார் ஸ்பேனர்.

மகனே எதிர்பார்க்கவில்லை.

"நீ சொல்றது சரிதான். நான் கண்ணால பாத்தேனே. மண்ணெண்ணெயை ஊத்தறப்ப வெள்ளையா, வட்டமா, சின்னதா ஒண்ணு விழுந்து அதோட போச்சு. பாத்துக்கிட்டே இருந்தேன். கை நீட்டி எடுக்கணும்னு தோணலை. அப்படிப்பட்டவன் கையில ஸ்பேனர் எதுக்கு?"

சொல்லிவிட்டு மறுபடி காந்தத்தை இறக்கினார். மகன் டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பிப் போனான்.

மருமகளுக்கு அதற்கு மேல் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது அவள் கேட்ட கேள்விதான். சரி, அவர் பார்த்தார். நாம் பார்த்தோமா? அந்த பாபின் கேஸைக் கடையில் பார்த்தோமா, வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தோமா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. மிஷினைப் போட்டோ எடுத்து மகன் போனில் தேடியபோது இதே சாயலில் கருப்பு மிஷின்கள் சரம் சரமாக வந்தன. எல்லாவற்றிலும் கீழே பாபின் இருந்தது. அதனால் இதிலும் இருந்திருக்கும் என்று மூன்று பேரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

தன் பழைய பெட்டியிலிருந்து ஒரு பாபின் கேஸை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பழைய சாமான் கடைக்கு நடந்தாள்.

*

அந்தக் கடைக்காரருக்கு ஊரில் பொக்கிஷம் என்று பெயர். கால் உடைந்த நாற்காலியிலிருந்து முள் இல்லாத கடிகாரம் வரை எல்லாமே அவருக்குப் பொக்கிஷம்தான்.

"வாங்கம்மா! வாங்கிட்டுப் போன பொக்கிஷம் எப்படி ஓடுது?"

"ஓடலைங்க. இது மாதிரி ஒண்ணு அதுல இருந்துச்சா?" கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினாள்.

அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார். "இல்லைம்மா. வந்ததை அப்படியே குடுத்தேன். ஒரு வீட்டைக் காலி பண்ணினாங்க, அங்க எடுத்தது. அதுல ஒரு ஆணியைக்கூட நான் தொடலை." கொஞ்சம் இழுத்தார். "மூடியை மட்டும் வெச்சுக்கிட்டேன்."

"மூடியா?"

"மரப்பெட்டி மாதிரி, மேல கவுக்கறது. பூட்டெல்லாம் போட்டு வைக்கத் தோதா இருந்துச்சு. மிஷினோட சேந்ததுன்னு உங்களுக்குத் தெரியாதே, அதான்..." என்று அசடு வழிந்தார்.

கல்லாவுக்குக் கீழிருந்து அதை இழுத்தார். உள்ளே பூட்டுகள் குவிந்து கிடந்தன. மருமகள் அவரைக் கேட்கவே இல்லை. தரையில் மொத்தத்தையும் கொட்டினாள்.

கொட்டிவிட்டு உள்ளே பார்த்தாள்.

பெட்டியின் உட்புறம் சாயம் போன சிவப்பு வெல்வெட். வெல்வெட்டில் குழி குழியாகச் செதுக்கிய இடங்கள். நீளமாக, ஒல்லியாக ஒரு குழி. அது ஊசிக் குழாய்க்கு. கைப்பிடியோடு ஒன்று, திருப்புளிக்கு. வயிறு பெருத்து மூக்கு நீண்ட ஒன்று, எண்ணெய்க் குப்பிக்கு. துணி ஓரம் மடிக்கிற சின்னத் தகட்டுக்குக்கூட அதன் வளைவு மாறாமல் ஓர் இடம். சாமான்கள் ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் இருந்த இடம் அச்சு அசலாக இருந்தது. யாரோ ஒருவர், எந்தக் காலத்திலோ, இந்தச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, அதற்குத் தகுந்த மெத்தை போட்டுப் படுக்க வைத்திருக்கிறார். கம்பெனியில் அவள் தலைக்கு மேல் குவிந்த வேலையோடு ஓடிய மிஷின்களை யாரும் இப்படி நடத்தி அவள் பார்த்ததில்லை. அவளை அறியாமல் விரல் அந்த வெல்வெட்டைத் தடவியது.

பிறகு தன் பாபின் கேஸை எடுத்து ஒவ்வொரு குழியிலும் வைத்துப் பார்த்தாள். ஒன்றிலும் பொருந்தவில்லை. மிகப் பழைய மிஷின்களில் கீழ் நூல் படகு வடிவச் சாமானில் இருக்கும் என்று கம்பெனி மெக்கானிக் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. படகு வடிவத்திலும் குழி இல்லை.

"எண்ணெய்க் குப்பிக்கு இடம் விட்டிருக்காங்க, திருப்புளிக்கு விட்டிருக்காங்க," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "பாபினை மட்டும் மறந்திருப்பாங்களா?"

"என்னம்மா சொல்றீங்க?"

"இந்தப் பெட்டி எனக்கு வேணும்ங்க."

"ஐயோ, பூட்டெல்லாம் எதுல போடுவேன்?"

மதியச் சாப்பாட்டுக்காகக் கம்பெனிக்குக் கொண்டுபோன பெரிய பை அவள் தோளில் தொங்கியது. கழற்றி அவர் கையில் கொடுத்தாள். பொக்கிஷம் அதன் ஜிப்பை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துத் திருப்தியானார்.

*

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் பச்சைப் பெட்டி திறந்து கிடந்தது. ஸ்பேனர் ஒவ்வொரு சாமானாக எடுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். வெளியூருக்கு அனுப்புகிற பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிற மாதிரி இருந்தது அது.

"மாமா, மிஷினைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிக்கறீங்களா?"

"நான் தொடலைம்மா."

"என்னால தூக்க முடியலை. கீழ என்ன இருக்குன்னு பாக்கணும்."

"இன்னும் என்ன இருக்கு பாக்க? அதான் போச்சே."

"பெட்டி சாயங்காலம்தானே போகுது? அதுவரைக்கும் நீங்க மெக்கானிக்தானே?"

முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் எழுந்து வந்தார். அந்த ஒரு வார்த்தை அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று மருமகளுக்குத் தெரியும். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி.

மிஷினை மேஜையில் ஜன்னல் பக்கம் வைத்தார்கள். அவள் சக்கரத்தின் பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"மாமா, பாபின்ல நூல் எப்படி ஏத்துவாங்க?"

"அது உனக்குத்தானே தெரியும்."

"சக்கரத்துக்குப் பக்கத்துல குட்டியா ஒரு உருளை இருக்கும். அதுல மாட்டிச் சுத்தணும். வீட்டு மிஷின் எல்லாத்துலயும் பாத்திருக்கேன். இதுல இல்லை பாருங்க."

"கழட்டி வித்திருப்பான்."

"கழட்டியிருந்தா ஓட்டை இருக்கணும்ல?"

ஸ்பேனர் அசையாமல் நின்றார். பிறகு கட்டைவிரலைச் சக்கரத்தின் அருகில் வைத்து, மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு தடவினார். மேலே, கீழே, பக்கவாட்டில். விரல் போன வழியெல்லாம் தங்கக் கொடி அறுபடாமல் ஓடியது. ஒரு வடு இல்லை. ஒரு திருகின் தடம் இல்லை.

"ஓட்டையே இல்லைம்மா," என்றார். குரல் மாறியிருந்தது. "பெயிண்ட் உடையலை. இங்க எதையும் என்னிக்குமே மாட்டினதில்லை."

அவள் மரப்பெட்டியைத் திருப்பி வெல்வெட்டைக் காட்டினாள். அவர் ஒவ்வொரு குழியாக விரலை வைத்தார். கடைசிக் குழிக்கு வந்ததும் மிஷினை ஒரே பிடியில் சாய்த்தார். நேற்று அழுக்கைப் பார்த்தவர், இன்று மிஷினைப் பார்த்தார்.

கீழே தண்டின் முனையில் வளைந்த ஒரு சின்னக் கொக்கி. வேறு ஒன்றும் இல்லை. பாபின் உட்கார மேடை இல்லை, படகு ஓடப் பாதை இல்லை. சக்கரத்தைத் திருப்பினால் கொக்கி தன்னைத்தானே சுற்றியது.

"இவ்வளவுதானா?" என்றாள் மருமகள். "இதை வெச்சு எப்படி மாமா தையல் விழும்? மேல் நூலைப் பிடிச்சுக்கக் கீழ் நூல் வேணுமே. ஒத்தை நூல்னா இழுத்தாக் கையோட வந்துடுமே..."

பாதியில் நிறுத்தினாள். எதையோ கேட்டவள் போலச் சமையலறைப் பக்கம் பார்த்தாள். ஓடினாள். திரும்பி வரும்போது அவள் கையில் பிரிக்காத மாவு மூட்டை ஒன்று இருந்தது.

"இதை எப்படிப் பிரிப்போம்?"

"ஒரு முனையை இழுத்தாச் சரசரன்னு..." ஸ்பேனரும் நிறுத்தினார்.

மூட்டையின் வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு பக்கம் நேர் கோடாகத் தையல். மறுபக்கம் கண்ணி கண்ணியாக, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, ஜடை போட்டது மாதிரி ஓடியது. இத்தனை வருடம் தைத்தவள், வாராவாரம் பிரித்து எறிந்த ஒன்றை இன்றுதான் பார்த்தாள். முனையை இழுத்தாள். மூட்டை முழுக்கச் சரசரவென்று திறந்துகொண்டது. கையில் மிஞ்சியது நீளமாய் ஒரே ஒரு நூல்.

"ஒத்தை நூல், மாமா. இதுக்குக் கீழ் நூலே கிடையாது."

"ஓடுதான்னு பாரு, அப்புறம் சொல்லு," என்றார் அவர். ஆனால் மூச்சு வாங்கியது.

மிஷினில் இருந்தது ஒரே ஊசி. கட்டையாக, அவள் பார்த்தே இராத வகை. உடைந்தால் வேறு எங்கும் கிடைக்குமோ கிடைக்காதோ. நூலைக் கோத்து, பழைய சட்டைத் துணி ஒன்றை மடித்து வைத்து, கம்பெனிப் பழக்கத்தில் சக்கரத்தைத் தன் பக்கமாகத் திருப்பினாள். பட்டென்று நூல் அறுந்தது. மறுபடி கோத்தாள். மறுபடி அறுந்தது.

"நில்லும்மா, நில்லு. ஊசியைக் கொல்லாதே."

ஸ்பேனர் பச்சைப் பெட்டிக்குள் கைவிட்டுப் பார்க்காமலே ஒரு சாமானை எடுத்தார். நீண்ட கம்பி முனையில் காசு அளவு கண்ணாடி. எஞ்சினுக்குள் கண் போகாத மூலையைப் பார்ப்பதற்கு வைத்திருந்தது. அதை மிஷினுக்கு அடியில் நீட்டினார்.

"கொக்கி மூஞ்சி எந்தப் பக்கம் பாக்குது பாரு. நீ சுத்தறப்ப அது முதுகைக் காட்டிட்டு ஓடுது. எதிர்ப்பக்கம் சுத்து. மெதுவா."

அவள் எதிர்ப்பக்கம் சுற்றினாள். இரண்டு தலைகளும் அந்தக் காசு அளவு கண்ணாடிக்கு மேல் முட்டிக்கொண்டன.

ஊசி இறங்கியது. கொஞ்சம் மேலே எழும்பியபோது நூல் இளகி, மெல்லிய ஒரு வளையமாகப் பிதுங்கியது. கொக்கி வந்தது. அந்த வளையத்துக்குள் மூக்கை நுழைத்து, அதை எடுத்து, அகலமாக விரித்து, பிடித்தபடியே அரை வட்டம் போய்க் காத்து நின்றது. துணி ஒரு அடி எடுத்து வைத்தது. ஊசி மறுபடி இறங்கியது, கொக்கி திறந்து வைத்திருந்த அதே வளையத்துக்குள். கொக்கி பழையதை விட்டுவிட்டுப் புதியதைப் பிடித்தது. விட்டது இறுகிக் கண்ணியானது.

மருமகளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஊசி எப்போது வரும் என்று அந்தக் கொக்கிக்குத் தெரிந்திருந்தது. இரும்புதான். மூளை இல்லை, கண் இல்லை. ஒரு மயிரிழை முந்தினாலும் பிந்தினாலும் தையல் இல்லை. ஆனால் முந்தவில்லை, பிந்தவில்லை. ஒருவரும் ஞாபகம் வைத்திராத ஏதோ ஒரு வீட்டின் மூலையில் அத்தனை காலம் சும்மா கிடந்துவிட்டு, இப்போது கூப்பிட்டதும் எழுந்து வந்து, விட்ட இடத்திலிருந்து தைக்கிறது. அவள் சுற்றச் சுற்ற, துணிக்கு அடியில் ஜடை வளர்ந்துகொண்டே போனது.

"எவனோ ஒருத்தன் உக்காந்து யோசிச்சிருக்கான் பாரும்மா," என்றார் ஸ்பேனர். கண்ணாடியைப் பிடித்த கை நடுங்கவே இல்லை. "எத்தனை எஞ்சினைப் பிரிச்சிருக்கேன். இவ்வளவு கொஞ்சமான சாமானை வெச்சு இவ்வளவு வேலை வாங்கினவனைப் பாத்ததில்லை. ஒத்தைக் கொக்கிம்மா. ஒத்தைக் கொக்கி!"

அவள் சக்கரத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள்.

"மாமா, நீங்க எதையும் தொலைக்கலை. இதுல தொலைக்கறதுக்கு ஒண்ணுமே இல்லை. நேத்து நான் அப்படிக் கேட்டதுக்கு என்னை மன்னிச்சுடுங்க."

அவர் முகம் மலரும் என்று காத்திருந்தாள். மலர்ந்தது. பிறகு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பழையபடி இருண்டது. நேற்றைவிட அதிகமாக.

"அப்போ நான் பாத்தேனே, அது என்னம்மா?"

அவள் கை மறுபடி சக்கரத்தின் மேல் போனது.

"வெள்ளையா, வட்டமா விழுந்துச்சுன்னு சொன்னேனே. கண்ணால பாத்தேன். பாபினே கிடையாதுன்னா நான் எதைப் பாத்தேன்?" மெதுவாகப் போய்ப் பச்சைப் பெட்டியின் மூடியைச் சாத்தினார். "தொலைச்சிருந்தாக்கூட தேவலை. தொலைக்கறது எல்லாரும்தான். இல்லாததைப் பாக்க ஆரம்பிச்சுட்டா..."

சக்கரத்தின் மேல் வைத்த கையை எடுக்காமல் மருமகள் நின்றாள். அவரை விடுவிக்கக் கொண்டுவந்த சாட்சி, அவரையே சிக்க வைத்துவிட்டது.

*

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் மகன் வந்தான். பெட்டியைத் தூக்கிப் போக ஒரு தள்ளுவண்டிக்காரனையும் கூட்டிவந்து வாசலில் நிறுத்தியிருந்தான். கூடத்துக்குள் நுழைந்தவனை மருமகள் மிஷின் பக்கம் இழுத்தாள்.

"பெட்டியை அப்புறம் பாக்கலாங்க. முதல்ல இதை இழுங்க."

"என்ன இது?"

"இழுங்களேன்."

இழுத்தான். மடித்துத் தைத்திருந்த துணி முழு நீளத்துக்கும் சரசரவென்று விரிந்து, கையில் ஒரே நூல் தொங்கியது. அவன் பிரமித்துப்போய்த் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவள் வெல்வெட்டைக் காட்டினாள், ஓட்டையில்லாத தங்கக் கொடியைக் காட்டினாள், கண்ணாடியைப் பிடித்துக் கொக்கியைக் காட்டினாள். மகன் சின்னப் பிள்ளை மாதிரி மண்டியிட்டு, இன்னொரு தரம் சுத்து, இன்னொரு தரம் சுத்து என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அப்போ பாபின்?"

"கிடையாது. என்னிக்குமே இருந்ததில்லை. போன்ல வந்ததெல்லாம் வேற ஜாதி. கண்டுபிடிச்சதுல பாதி மாமா."

மகன் எழுந்தான். கண் கலங்கியிருந்தது. "பெட்டி எங்கயும் போகாதுப்பா," என்றான். "நான் அவசரப்பட்டுட்டேன்."

நாற்காலியில் இருந்த ஸ்பேனர் அசையவில்லை.

"வண்டி கொண்டாந்துட்டியே. எடுத்துட்டுப் போ."

"அப்பா..."

"இல்லாத பாபின் விழுந்ததைப் பாத்தவன்டா நான். உன் பொண்டாட்டி சொல்ல மாட்டா, நான் சொல்றேன். நீ பயந்தது சரிதான்."

"மாமா, அப்படி எல்லாம் பேசாதீங்க. இங்க வாங்க. கண்ணாடியை நீங்க பிடிச்சாத்தான் சரியாத் தெரியுது. அவருக்கு இன்னொரு தரம் காட்டுங்க."

கெஞ்சுகிற குரலை மறுக்க அவருக்கு வராது. எழுந்து வந்தார். கண்ணாடியை வாங்கி, மேஜைக்கு மேல் நன்றாகக் குனிந்து, மிஷினுக்கு அடியில் நீட்டினார்.

சட்டைப் பையிலிருந்து முதலில் நட்டு விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று உருண்டு வந்து, மேஜையில் இருந்த எண்ணெய்த் தட்டில் விழுந்து மிதக்காமல் அமுங்கியது.

வெள்ளையாக. வட்டமாக. சின்னதாக.

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். ஸ்பேனர் தட்டின் மேல் குனிந்தார்.

"இதான்," என்றார். "இதேதான். நேத்து குனிஞ்சு மண்ணெண்ணெயை ஊத்தறப்ப பையிலேருந்து இதே மாதிரி ஒண்ணுதான் விழுந்துச்சு. இதான்டா விழுந்துச்சு! நான் பாத்தது நெசம்!"

காந்தத்தில் ஏன் ஒன்றும் சிக்கவில்லை என்று மருமகளுக்கு இப்போது புரிந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. காலையிலிருந்து அவரைச் சுற்றி இறுகிய ஒவ்வொரு கண்ணியும், ஒரு முனையைப் பிடித்து இழுத்தாற்போலக் கழன்று விழுந்துவிட்டது. அவர் தொலைக்கவும் இல்லை, இல்லாததைப் பார்க்கவும் இல்லை. அந்தச் சந்தோஷத்தோடு புருஷன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த முகத்தில் சந்தோஷம் இல்லை.

"நீங்க மாத்திரை முழுங்கலையா?" என்றான் மகன்.

"ஒரு வாரமா முழுங்கலை. பைக்குள்ள போட்டுக்கிட்டு அப்புறம் தூக்கிப் போட்டுடுவேன். அதைப் போட்டா மத்தியானம் வரைக்கும் தலையைத் தூக்க முடியலை, எது எங்க இருக்குன்னு தெரியலை. உன்கிட்ட சொன்னா நீ வருத்தப்படுவியேன்னு சொல்லலை." சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்தினார். ஒரு எஞ்சினில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது கொடுத்துக் கேட்கிறவரைப் போலத் தலையைச் சாய்த்தார். "அடுப்பைத் திறந்துவிட்டது, தெருவுல வழி தெரியாம நின்னது, எல்லாம் அதைப் போட்டப்போதான். இந்த ஒரு வாரமா ஒண்ணும் மறக்கலை."

அவர் எண்ணெய்த் தட்டைக் கையால் காட்டினார்.

"சத்து மாத்திரைன்னுதானே குடுத்தே? அது ஏண்டா ஒரு நாள்கூட அட்டையோட என் கண்ணுல காட்டினதில்லை?"

மகன் கையில் பிரிந்த நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை விரலில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான். வாசலில் தள்ளுவண்டிக்காரன் குரல் கொடுத்தான்.

மருமகள் எண்ணெய்த் தட்டுக்குள் விரலை விட்டு மாத்திரையை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். அதன் முகத்தில் என்னவோ பொடி எழுத்துகள் பதிந்திருந்தன. படிப்பதற்காக விளக்கைப் போட்டாள்.